ஐடிலில் 15 பிஎஸ்ஐ, மேட்டில் 3: டீசல் பிரஷர் படுத்திய பாடு, உங்க அனுபவம்?

மேடேறி:
பவர் கூட்ட ட்யூன், பெரிய இன்ஜெக்டர், தனி லிஃப்ட் பம்ப் (டேங்குல இருந்து டீசலை உறிஞ்சி இன்ஜின் பக்கம் தள்ளுறது, டேங்குக்குத் திரும்புற லைன் இல்லாத வகை) எல்லாம் போட்டாச்சு. ஐடிலில், அதாவது வண்டி நின்னு இன்ஜின் சும்மா ஓடும்போது, 15 பிஎஸ்ஐ, முள் ஆடாது. அதைப் பாத்தே ரெண்டு மாசம் ஏமாந்தேன். டிரெய்லரோட மேட்டுல முழுசா மிதிச்சா 3-க்கு விழும், பி0087 எரர் கோடு வரும், இழுவை செத்துடும். பம்பை மாத்தினேன், ஃபில்டர் ரெண்டையும் மாத்தினேன். அதே 3.

கடைசியில பம்புக்கு முன்னாடி ஒரு முழம் உள்ளே தெரியுற டீசல் ஹோஸ் சொருகி, போனை சேஸிஸ்ல கட்டி வீடியோ ஓடவிட்டு மேடு ஏறினேன். இறங்கி வந்து பாத்தா, கீழே நிக்கும்போது தேன் மாதிரி தெளிவா ஓடுற டீசல், நான் மிதிச்ச இடத்துல கடுகு கடுகா குமிழ் விடுது, அப்புறம் ஹோஸ் முழுக்க வெள்ளை நுரை. டேங்க் மேல இருக்குற கனெக்டரோட ரப்பர் ஓ-ரிங்ல நகக்கீறல் அளவு வெட்டு. வெளியே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. உறிஞ்சுற பக்கம்ல, காத்து உள்ளே போகும், டீசல் வெளியே வராது. இது தெரிஞ்சும் ரெண்டு மாசம் தரையில கசிவைத் தேடினதுதான் இன்னும் உறுத்துது.

இரவு ஓட்டி:
எல்லாரும் லிஃப்ட் பம்பையே சுத்துறீங்க. பி0087 ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்துல டீசல் குடுக்குற குழாய்) பிரஷர் குறைஞ்சா வர்ற கோடு, அதுக்குக் காரணம் லிஃப்ட் பம்ப் பக்கமும் இருக்கலாம், உயர் அழுத்தப் பக்கமும் இருக்கலாம். எனக்கு லிஃப்ட் பம்ப் லோடுலயும் 12-ஐ விட்டு இறங்கல. ஸ்கேனர்ல பாத்தா, ரெயிலுக்கு இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்டது 1,600 பார், வந்தது 1,150. ரெயில்ல பிரஷர் மிஞ்சினா திறக்குற ரிலீஃப் வால்வோட ரிட்டர்ன் ஹோஸைக் கழட்டி பாட்டில்ல விட்டேன். ஐடிலில் ஒரு துளிகூட வரக்கூடாத இடம் அது. டொக்... டொக்னு சொட்டிச்சு. ட்யூன் பண்ணப்ப அடிக்கடி திறந்து, வால்வு உக்கார்ற சீட் தேஞ்சிருக்கு. மேடேறி, முதல்லயே ஸ்கேனர்ல ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா பம்ப் காசு மிச்சம்.

மேடேறி:
பாத்தேன். கேட்டதும் வந்ததும் ஒத்துப் போகலைன்னு காட்டிச்சு. ஏன்னு காட்டல. எனக்கு லோ பிரஷர் கேஜ்தான் வழி சொல்லிச்சு.

பழைய ரெஞ்ச்:
என் அனுபவம் சின்னது. கூட வேலை பார்த்தவர் ரெயில் பைப் நட்டில் ஈரம் தெரிகிறதென்று, இன்ஜின் ஓடும்போதே விரலால் தடவினார். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. வலிக்கவில்லை என்று வேலையைத் தொடர்ந்தார். அன்று இரவே கையில் ஆபரேஷன். அந்தப் புள்ளி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கசிவு தேட அட்டையைப் பிடியுங்கள், கையை அல்ல. பழைய வண்டியில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கத்தைக் காமன் ரெயில் (இந்த உயர் அழுத்த ரெயில் உள்ள) இன்ஜினில் கொண்டுவராதீர்கள். இன்ஜினை நிறுத்தி, ஸ்கேனரில் பிரஷர் இறங்கியதைப் பார்த்த பிறகே நட்டில் ஸ்பேனரை வையுங்கள். டீசல் தோலுக்குள் போய்விட்டால் வலி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், உயர் அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, கேஜ் சென்சாரை ஃபில்டருக்கு அப்புறம் வையுங்கள். முன்னால் வைத்தால் அடைத்த ஃபில்டரும் நல்ல பிரஷர் காட்டும். பம்பின் துடிப்பு சென்சாரைக் கொன்றுவிடும், நடுவில் துடிப்பை அடக்கும் ஸ்னப்பர் ஒன்று போடுங்கள்.

கால் டேங்க்:
ரெஞ்ச் அண்ணே, ஃபில்டருக்கு அப்புறம் மட்டும் வெச்சா பம்பா ஃபில்டரான்னு எப்படிப் பிரிப்பீங்க? ரெண்டு இடத்துலயும் வேணும்.

எனக்கு நடந்தது: அரை மணி ஓடினா பிரஷர் விழும், ஆஃப் பண்ணிப் பத்து நிமிஷம் விட்டா திரும்ப நல்லாயிடும். ஏர் இல்ல, ஹோஸ் தெளிவு. பம்போட உறிஞ்சு குழாயை ஒரு கேன் டீசல்ல விட்டு ஓட்டினேன், பிரஷர் அசையல. அப்ப தப்பு டேங்குக்குள்ளதான். இறக்கிப் பாத்தா அடியில ஒரு ஈயத்தாள் வட்டம். நான் ஊத்தின அடிட்டிவ் பாட்டிலோட சீல். ஓடும்போது, டேங்குக்குள்ள டீசலை உறிஞ்சுற பிக்கப் குழாயோட வாயில போய் ஒட்டியிருக்கு, நிறுத்தினா விழுந்திருக்கு. அந்தத் தாள் நடுவுல பிக்கப் குழாயோட வாய் அப்படியே வளையமா பதிஞ்சிருந்துச்சு.