மறு: ‘ஹைலி காம்போசிட் நம்பர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘உயர் பகு எண்’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்ட எண்தான் ‘ஹைலி காம்போசிட் நம்பர்’. இந்த வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36 என்று போகும். 2 பகா எண். 1 பகாவும் இல்லை, பகுவும் இல்லை. ‘உயர் பகு எண்’ என்று பெயர் வைத்துவிட்டு, முதல் இரண்டும் பகு எண்களே இல்லை என்று மாணவர்களிடம் எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரிலேயே இருக்கும் சிக்கல் இது. நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

720720-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் இது. காரணிப்படுத்தினால் 2-இன் அடுக்கு 4, 3-இன் அடுக்கு 2, அப்புறம் 5, 7, 11, 13 ஒவ்வொரு முறை. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 வகுத்திகள். இதற்குக் கீழே உள்ள எண்களில் அதிகம் வைத்திருப்பது 665280, அதற்கே 224தான். தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வகுத்தி எண்ணிக்கையில் விஞ்சுவதுதான் இதன் இலக்கணம். ஆகவே என் பரிந்துரை: விஞ்செண்.

> ‘மிஞ்செண்’ இன்னும் எளிது.

வகுத்தல் கணக்கில் ‘எவ்வளவு மிஞ்சியது?’ என்றால் மீதியைத்தான் கேட்கிறோம். எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுவதற்குப் பேர்போன எண்ணுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ‘மிகையெண்’ணும் வேண்டாம், வகுத்திகளின் கூட்டுத்தொகையை வைத்துச் சொல்லும் வேறு வகைக்கு அது தேவைப்படும்.

இராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம். பகாக் காரணிகளைச் சிறியதிலிருந்து எழுதிக்கொண்டே போனால் அடுக்கு எங்கும் ஏறாது, 4, 36 இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 என்றெல்லாம் அதில் நிறுவியிருக்கிறார். அவர் தந்த பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதற்கு 10080 வகுத்திகள். அத்தனை நீளப் பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும். இதைச் சரிபார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

‘விஞ்செண்’ணை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இராமானுஜன் இவற்றுக்குள்ளேயே 2, 6, 12, 60, 120, 360 என்று இன்னும் கடுமையான நிபந்தனையுள்ள ஓர் உள்வகையையும் வகுத்தார். 720720 அதில் பத்தாவது. அதற்குத் ‘தலைவிஞ்செண்’ என்று சொல்லிவிடலாம். முந்தையவற்றை விஞ்சாமல் சமமாக நின்றாலே போதும் என்ற தளர்ந்த வகையும் ஒன்று இருக்கிறது. ‘இணைவிஞ்செண்’ என்றால் அதற்குச் சரியாக வருமா? ‘இணை’யையும் ‘விஞ்சு’வையும் ஒன்றாகச் சேர்ப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வேறு முன்னொட்டு தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்