எச்சத்தைப் பார்த்து மட்டும் மருந்து கொடுக்கலாமா?

பஞ்சாரம்:
என்னிடம் எட்டுப் பெட்டைக்கோழிகள் இருக்கின்றன. இன்று காலை கூட்டைச் சுத்தம் செய்யும்போது ஓர் எச்சம் மட்டும் வேறு மாதிரி கிடந்தது. கரும்பழுப்பு நிறம், களிம்பு போலப் பிசுபிசுப்பு, நாற்றம் தாங்க முடியவில்லை. மற்றவை எப்போதும் போல உருண்டு, மேலே வெள்ளை படிந்திருந்தன. கோழிகள் நன்றாகத்தான் மேய்கின்றன. முன்பு வாங்கிய ஆன்டிபயாட்டிக் பொடி கொஞ்சம் மீதி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கலந்து வைத்துவிடலாமா?

செவலை:
வைக்காதீர்கள். நீங்கள் பார்த்தது குருட்டுக்குடல் எச்சம். சிறுகுடல் முடியும் இடத்தில் கோழிக்கு இரண்டு பைகள் உண்டு. செரிக்காமல் வந்தது அங்கே தங்கிப் புளித்து, நாளைக்குச் சில முறை வெளியே வரும். அதனால்தான் அந்த நாற்றம். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று இப்படி இருந்தால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே அர்த்தம்.

அந்த வெள்ளையைக் கண்டும் பலர் பயப்படுகிறார்கள். கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகம் பிரிக்கும் யூரிக் அமிலம்தான் வெள்ளையாக மேலே படிகிறது. ராணிக்கெட் நோய்க்கு நாம் ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று பெயர் வைத்திருப்பதால், வெள்ளை தெரிந்தாலே அந்த நோய் என்று நினைத்துவிடுகிறோம். எச்சத்தைவிட முதலில் கோழியைப் பாருங்கள். தின்கிறதா, கொண்டை சிவப்பாக இருக்கிறதா, கூட்டத்தோடு ஓடுகிறதா? எல்லாம் சரி என்றால் விட்டுவிடுங்கள்.

கருங்கொண்டை:
பஞ்சாரம் சொல்லும் எச்சத்தைப் பற்றி எனக்கும் அதே கருத்துதான். ஆனால் ‘கோழி நன்றாக இருந்தால் விட்டுவிடு’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நோய் வந்தாலும் கடைசி வரைக்கும் கோழி வெளியே காட்டிக்கொள்ளாது. நலிந்தது தெரிந்தால் மற்ற கோழிகளே கொத்தும். இறகை உப்பிக்கொண்டு மூலையில் நிற்கிறது என்றால் பாதி காலம் கடந்துவிட்டது.

என் குஞ்சுகளுக்கு நான்கு வாரம் ஆகியிருந்தபோது, சாக்லேட் நிறத்தில் இளக்கமாகப் போயின. ‘குருட்டுக்குடல் எச்சம்தான்’ என்று ஒருவர் சொன்னார். குஞ்சுகளும் ஓடியாடின, நானும் நம்பினேன். மறுநாள் கூளத்தில் ரத்தம். மூன்று நாளில் பதினொரு குஞ்சுகள் போய்விட்டன. அது ரத்தக்கழிச்சல். அந்தக் கிருமி தாக்குவதும் அதே குருட்டுக்குடலைத்தான், அதனால் தொடக்கத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். அன்றைக்கு எச்சத்தை நம்பியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

செவலை:
உங்கள் இழப்பு வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கதையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது: எல்லாக் குஞ்சுகளுக்கும், எல்லா எச்சமும் இளகியிருந்தது. இங்கே எட்டுக் கோழிக்கு ஓர் எச்சம். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியுமா?

நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாந்து போவோம். பீட்ரூட் தின்றால் சிவப்பு, கீரை மேய்ந்தால் பச்சை, கரி கொத்தினால் கறுப்பு. வெயில் கடுமையானால் நிறையத் தண்ணீர் குடிக்கும், எச்சமும் தண்ணீராகப் போகும். குடலின் உள்தோல் உரிந்து ஆரஞ்சு நிறத்தில் எப்போதாவது ஒரு துணுக்கு வரும், அதையும் ரத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து ஊற்றினால் என்ன ஆகும்? கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். மருந்து முட்டையிலும் இறங்கும், லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை அதைத் தின்னக் கூடாது. அப்புறம், ரத்தக்கழிச்சல் பாக்டீரியாவால் வருவதே இல்லை, குடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. சல்ஃபா வகையை விட்டால், வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக் எதுவும் அதைத் தொடாது.

அடைகாப்பு:
இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடையில் இருக்கும் கோழி நாளைக்கு ஓரிரு முறைதான் எழும். எழுந்ததும் பெரிய கட்டியாக, கடும் நாற்றத்தோடு போடும். அதுவும் நோய் இல்லை.

கருங்கொண்டை:
ஆன்டிபயாட்டிக் பற்றிச் செவலை சொன்னது சரி, அந்தப் பொடி வேண்டாம். ஆனால் வயதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் கண்டால் கோழியைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அன்றைக்கே ரத்தக்கழிச்சலுக்கான ஆம்ப்ரோலியம் மருந்தைத் தொடங்க வேண்டும், லேபிளில் உள்ள அளவில், கூட்டம் முழுவதற்கும். அந்த நாள்களில் பி1 சேர்ந்த வைட்டமின் டானிக் கொடுக்காதீர்கள், மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். ஈரக் கூளத்தையும் அள்ளி வெளியே போடுங்கள். எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும்.

செவலை:
முதலில் எச்சப் பரிசோதனை, பிறகு மருந்து என்பேன். நுண்ணோக்கியில் பார்த்தால் ரத்தக்கழிச்சல் முட்டையா, குடற்புழு முட்டையா என்று தெரிந்துவிடும்.

கருங்கொண்டை:
முடிவு வருவதற்குள் இன்னும் ஐந்து குஞ்சுகள் போகும்.

செவலை:
சரி, குஞ்சு விஷயத்தில் உங்கள் அவசரம் நியாயம்தான். மாதிரியை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே மருந்தைத் தொடங்கட்டும். பல இடத்தில் கிடக்கும் புது எச்சமாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுக்க வேண்டும். மருந்து கொடுத்த பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். வளர்ந்த கோழிக்கு மட்டும் என் பேச்சு மாறாது: பார்த்து, சோதித்து, பிறகு மருந்து.

கருங்கொண்டை:
அதில் ஒரு விதிவிலக்கு. பச்சையாகத் தண்ணீர்க் கழிச்சல், கூடவே மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது, திடீர்ச் சாவு என்று வந்தால் சோதித்துப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தக் கூடாது. அது ராணிக்கெட்டாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். ராணிக்கெட்டைக் குணமாக்க மருந்தே கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி மட்டும்தான். செத்ததை வெறும் கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

பஞ்சாரம் (நான்கு நாள் கழித்து):
பொடியைத் தொடவில்லை. இரவில் கோழிகள் அடையும் கம்புக்குக் கீழே தாள் விரித்து வைத்தேன். ஒவ்வொரு கோழிக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு, அதனால் எந்த எச்சம் எதனுடையது என்று ஓரளவு தெரிந்தது. அந்தக் கரும்பழுப்பு எச்சம் எட்டு இடத்திலும் அங்கங்கே இருக்கிறது. ஆனால் ஓரக் கோழியின் இடத்தில் மட்டும் மூன்று இரவும் கரும்பச்சையாக, மிகக் குறைவாகக் கிடந்தது. கீரை எதுவும் போடவில்லை. தூக்கிப் பார்த்தேன், நெஞ்செலும்பு கத்தி போலக் குத்துகிறது. பகலில் அது எல்லாவற்றோடும்தான் சுற்றுகிறது.

செவலை:
இந்தக் கோழியை நான் தவறவிட்டிருப்பேன். இரை உள்ளே போகாவிட்டால் பித்தம் மட்டும் இறங்கிப் பச்சையாகத்தான் வரும். இரவில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள்.

பஞ்சாரம்:
காலி. இன்று மாலை பார்த்தபோது, புதிதாக வந்த இரண்டும் தீவனத் தட்டிலிருந்து அதைத் துரத்துகின்றன.

கருங்கொண்டை:
தனியாக வைத்துத் தீவனம் கொடுங்கள். பசியோடு தின்று இரண்டு நாளில் எச்சம் பழுப்பாகி அதன் மேலே வெள்ளை வந்தால், துரத்தியதுதான் காரணம். தட்டு எதிரே இருந்தும் தின்னவில்லை என்றால் எச்சத்தோடு கோழியையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எதுவானாலும் நாளைக் காலை எடை போட்டுக் குறித்து வையுங்கள்.