அஞ்சரை வயசு பையனுக்கு வீட்டுலயே பாடம், ஒரு வாரத்தை எப்படி பிரிக்கிறீங்க?

பூம்பாறை ரோடு அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை போற வழியில இருக்கோம், வீட்டுக்காரர் பூண்டும் கேரட்டும் போட்டிருக்காரு, நான் வீட்டுல தான், கைக்குழந்தை ஒண்ணும் இருக்கு. பெரியவனுக்கு அஞ்சரை வயசு. போன வருஷம் வேன்ல யூகேஜி அனுப்பினோம், அந்த வளைவுல தினம் வாந்தி, போய் இறங்குனதும் முகத்தை கழுவி விட்டு ரெண்டு பக்கம் பாத்து எழுதச் சொல்லி உக்கார வச்சுருவாங்க, சாயங்காலம் வரும்போது மறுபடி வாந்தி. அதைக்கூட தாங்கிக்கிட்டேன், ஆனா ஜனவரி வாக்குல "எனக்கு எழுத வராதும்மா"ன்னு அவனே சொல்ல ஆரம்பிச்சுட்டான் பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல. இந்த ஒரு வருஷம் வீட்டுலயே சொல்லிக் குடுப்போம்னு முடிவு பண்ணிட்டோம்.

ஒரு சார்ட்டுல டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டினேன். 9 மணிக்கு தமிழ், 9.45க்கு இங்கிலீஷ், 10.30க்கு கணக்கு, அப்புறம் சூழ்நிலையியல். புதன்கிழமையோட அது படுத்துருச்சு. காலைல குளிர்ல அவன் விரல் மடங்கவே மாட்டேங்குது, சின்னவ அழுவுறா, மூணாவது நாள் மழை, கரண்ட் இல்ல, நெட்வொர்க்கும் இல்ல, போன்ல எடுத்து வச்ச வொர்க்‌ஷீட்டை காட்ட முடியல. இன்னொண்ணு, உயிரெழுத்து பூராவும் பாட்டா சொல்றான், ஆனா 'இ' எதுன்னு தொட்டுக் காட்டச் சொன்னா முழிக்கிறான். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்கார வைக்கணும், வாரத்தை எப்படி பிரிக்கணும், எழுத்தை எந்த வரிசைல குடுக்கணும், அடுத்த வருஷம் ஸ்கூல்ல சேக்கப் போனா ஏதும் பிரச்சனை பண்ணுவாங்களா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோத்தகிரி வீட்டுப்பள்ளி:

மொதல்ல அந்த சார்ட்டை கழட்டிருங்க சிஸ்டர். என் பொண்ணுக்கு இப்ப ஒம்பது வயசு, ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் வீட்டுல தான் வச்சு சொல்லிக் குடுத்தேன், மணி பாத்து பண்ணுன எதுவும் எங்க வீட்டுல நிக்கல. நம்ம மலைல பொழுது மணி கணக்குல ஓடாது, வெயில் கணக்குல தான் ஓடும். காலைல 10 மணிக்கு மேல வெயில் அடிக்கும், மத்தியானம் மஞ்சு எறங்கிரும். அதனால வெளிய பண்றதை எல்லாம் காலைல வையுங்க, கதை வாசிக்கிறது, படம் வரையிறது, பல்லாங்குழி இதெல்லாம் மஞ்சு எறங்குனப்புறம் அடுப்பு பக்கத்துல. எழுதுற வேலையை சாப்பாட்டுக்கு அப்புறம், கை சூடா இருக்கும்போது குடுங்க. அஞ்சரை வயசுக்கு உக்காந்து படிக்கிறது மொத்தம் ஒரு மணி நேரம் இருந்தா தாராளம், அதையும் ஒரே மூச்சுல வேணாம், மூணா ஒடைச்சு குடுங்க.

வாரத்துக்கு நான் ஒரே ஒரு விஷயத்தை தான் எடுத்துக்குவேன், மத்ததெல்லாம் அதுலயே ஒட்டிக்கும். இப்ப ஐப்பசி மழை தான, அப்ப மழையவே எடுங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை மேல கழுத்துக்கு கீழ வெட்டி, வெட்டுன பாகத்தை தலைகீழா அதுலயே சொருகுங்க, புனல் ஆயிரும். பாட்டில் பக்கம் நேரா இருக்கணும், இடுப்பு ஒடுங்குன பாட்டில் எடுத்தா அளவு தப்பா வரும். அடிப்பாகம் மேடும் பள்ளமுமா இருக்கும்ல, அதுக்கு கொஞ்சம் கூழாங்கல் போட்டு, கல்லு முங்குற வரைக்கும் தண்ணி ஊத்தி, அந்த இடத்துல ஒரு கோடு போடுங்க, அது தான் பூஜ்யம். அதுக்கு மேல ஸ்கேலை வச்சு மில்லிமீட்டர் கோடு போட்டு ஒட்டிருங்க. மரத்தடியில வைக்காதீங்க, இலை சொட்டுற தண்ணியும் சேர்ந்துரும், திறந்த இடத்துல வையுங்க. தினம் காலைல ஒரே நேரத்துக்கு அவனே போய் பாத்து நம்பரை சொல்லட்டும், கட்டம் போட்ட நோட்டுல அத்தனை கட்டத்துக்கு நீலக்கலர் அடிக்கட்டும், அடிச்சதும் தண்ணியை அந்த பூஜ்யக் கோடு வரைக்கும் கொட்டிட்டு திரும்ப வைக்கட்டும். ஏழு நாள் முடிஞ்சா எந்த நாள் கூட, எந்த நாள் கம்மி, எவ்வளவு வித்தியாசம்னு கேளுங்க. இது கணக்கா சூழ்நிலையியலான்னு பிரிக்கவே முடியாது.

அடுத்த வாரம் பூண்டு. உங்க வீட்டுலயே இருக்கு, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, அப்பா பண்றது எவ்வளவு பெரிய வேலைன்னு அவனுக்கும் தெரியட்டும். ஒரு பூண்டை உரிச்சு பல்லை எண்ணச் சொல்லுங்க, பத்து பத்தா கட்டி வைக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு போனா கால் கிலோ, அரை கிலோ படிக்கல்லை கைல தூக்கிப் பாக்கட்டும். என் பொண்ணு அடுப்புல தண்ணி கொதிக்கிறதை பாத்து "பாட்டி வீட்டுல சோறு சீக்கிரம் வேகுதே, இங்க ஏன் வேகல"ன்னு கேட்டா, பாட்டி வீடு மேட்டுப்பாளையம். கீழ 100 டிகிரில கொதிக்கிற தண்ணி இங்க 94 டிகிரி வாக்குலயே கொதிச்சுரும், சூடு கம்மி, அதான் நேரம் புடிக்குதுன்னு சொன்னேன். அந்த வாரம் பூரா அடுப்பு தான் எங்களுக்கு பாடம்.

இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை எதையும் புதுசா வைக்காதீங்க. விட்டுப் போனதை புடிக்கிறதுக்கு அந்த ஒரு நாள் காலியா இருந்தா தான் மழை, காய்ச்சல், விருந்தாளி எது வந்தாலும் நீங்க பதற மாட்டீங்க.

ரிட்டையர்ட் டீச்சர், பண்ணைக்காடு:

ஏம்மா, கோத்தகிரி பொண்ணு சொன்னதுல முக்காவாசி சரி, ஆனா வாசிப்பை மட்டும் எதோடயும் ஒட்ட விட்டுறாதம்மா. அது தினம் பதினஞ்சு நிமிஷம், மழையோ விருந்தாளியோ, தனியா நடக்கணும். முப்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தவ சொல்றேன், வாசிக்க வந்த பிள்ளைக்கு மத்ததெல்லாம் தானா வரும்.

பாட்டா சொல்றான், காட்டத் தெரியலங்கறது தப்பே இல்ல. அ ஆ இ ஈ வடிவம் கஷ்டம்மா, 'இ' எழுதுறதுக்கு அந்த விரல் எத்தனை சுத்து சுத்தணும் பாரு. எழுத ஆரம்பிக்கிறது நேர்கோட்டு எழுத்துல இருக்கட்டும், ட, ப, ம. சிலேட்டுல பெருசா எழுது, கோலமாவுல தரையில போட்டு விரலால இழுக்கச் சொல்லு. கூடவே புள்ளியை சொல்லிக் குடுத்துரு. இந்த மூணு எழுத்தும் புள்ளியும் போதும், படம், மடம், மட்டம், பட்டம் வந்துரும். மொத நாளே ஒரு வார்த்தையை அவனா வாசிச்சான்னா, எனக்கு வராதுன்னு சொன்ன வாய் அடுத்த நாள் சொல்லாது. அப்புறம் ர சேரு, மரம். க, ல சேரு, கல், பல், கடல், பக்கம், கட்டம். அதுக்கடுத்து வ, வட்டம், வரம். மொத மூணு எழுத்துக்கு அப்புறம் வாரத்துக்கு ரெண்டு எழுத்துக்கு மேல வேணாம். மொத்தம் 247 எழுத்துன்னு பயப்படாத, 12 உயிரு, 18 மெய், ஒரு ஆய்தம், இது 31 தான், மிச்ச 216ம் துணைக்காலும் கொம்பும் சுழியும் சேந்து வர்றது, அதுல ஒரு ஒழுங்கு இருக்கு. உ, ஊ வரிசைல மட்டும் கு, சு, டு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வரும், அதை அவசரப்படாம கடைசில வையி.

கணக்குல இன்னொரு விஷயம். எண்ணிக்கையை தமிழ்ல சொல்லிக் குடும்மா. பதினொண்ணுன்னா பத்தும் ஒண்ணும், அந்த பேர்லயே கணக்கு இருக்கு, லெவன்ல அது இல்ல. இருவத்தி மூணுன்னா ரெண்டு பத்தும் மூணும். பூண்டுப் பல்லை பத்து பத்தா கட்டி வச்சு சொன்னா ஒரே வாரத்துல புடிச்சுக்குவான். தொண்ணூறுல மட்டும் எல்லா பிள்ளையும் தடுக்கும், ஒம்பது பத்துக்கு ஏன் அந்த பேருன்னு கேப்பாங்க, அதை மட்டும் அப்படியே மனசுல வச்சுக்கச் சொல்லு.

ஒண்ணாம் வகுப்பு அரசு பாடப்புத்தகம் பருவம் பருவமா இணையத்துல இலவசமா இருக்கு, சிக்னல் இருக்கும்போது ஒரு தடவை எறக்கி பிரிண்ட் போட்டு வச்சுக்க. வேற வொர்க்‌ஷீட் எதுவும் வேண்டாம்.

ஊட்டி அப்பா:

ஸ்கூல்ல சேக்கறதை பத்தி கேட்டிருந்தீங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009, அது 2010 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு, 6ல இருந்து 14 வயசு வரைக்கும் எந்த பிள்ளையா இருந்தாலும் வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்துக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. முன்னாடி எங்கயும் படிக்கலங்கறதுக்காக தள்ளி விட முடியாது. நாங்களும் பையனை ஒரு வருஷம் வீட்டுல வச்சிருந்து அப்புறம் பக்கத்து அரசு பள்ளில சேத்தோம், பிறப்பு சான்றிதழும் ஆதாரும் தான் கேட்டாங்க. நீளமா வீட்டுலயே போகணும்னா என்ஐஓஎஸ்னு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அதுல மூணு, அஞ்சு, எட்டாங்கிளாஸுக்கு சமமா ஏ, பி, சின்னு மூணு நிலை. அவன் எழுதுறதுல வாரத்துக்கு ஒண்ணை தேதி போட்டு ஃபைல்ல வையுங்க, பின்னாடி அந்த டீச்சருக்கு அவன் எங்க நிக்கிறான்னு புரியும்.

கொடைக்கானல்ல இருந்துக்கிட்டு சூரியனை விட்டுறாதீங்க. 1899ல மெட்ராஸ்ல இருந்து அங்க வந்த ஆராய்ச்சி நிலையம் இன்னிக்கும் சூரியனை பாத்துக்கிட்டு இருக்கு. முத்தத்துல ஒரு குச்சியை நட்டு உச்சி நேரத்துல நிழல் நுனியில கல்லு வைக்கச் சொல்லுங்க. இப்ப நிழல் வடக்க விழும், மார்கழி வரைக்கும் நீண்டுக்கிட்டே போகும், ஏப்ரல் நடுவுல ஒரு நாள் நிழலே காணாம போய், மே மாசம் தெக்க விழும். ஆறு மாசத்துக்கு வாரம் ஒரு கல்லு. சூரியனை நேரா பாக்கக் கூடாதுன்னு மட்டும் கண்டிப்பா சொல்லிருங்க.

பூம்பாறை ரோடு அம்மா:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, இங்க மூணு நாள் கரண்ட் இல்ல. டீச்சரம்மா, நீங்க சொன்ன மாதிரி திங்கக்கிழமை ட, ப, ம ஆரம்பிச்சேன், செவ்வாக்கிழமை மாவுல "படம்"னு அவனா இழுத்துட்டு அப்பாவை தோட்டத்துல இருந்து கூட்டிட்டு வந்து காட்டுனான், அவரு சேத்துக்காலோட நின்னு வாசிச்சாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. பாட்டில்ல மொத நாள் 14, அடுத்த நாள் ஒண்ணுமில்ல, மூணாவது நாள் 31, நோட்டுல கட்டம் பத்தலன்னு பேப்பரை மேல ஒட்டிருக்கான். குச்சியை கோழி ரெண்டு தடவை சாச்சுருச்சு, இப்ப சுத்தி கல்லு வச்சிருக்கோம். கோத்தகிரி அக்கா, வெள்ளிக்கிழமை காலியா விட்டது தான் என்னை காப்பாத்துச்சு.

ஒரே ஒரு சந்தேகம் டீச்சரம்மா. சுவத்துல இருக்குற எழுத்து அட்டையில 'ங'வை காட்டி "இதுல என்ன வார்த்தைம்மா ஆரம்பிக்குது"ன்னு கேக்குறான். என்ன சொல்ல?

ரிட்டையர்ட் டீச்சர், பண்ணைக்காடு:

நல்லா கேட்டான் என் தங்கம். அது முன்னாடி வராது, நடுவுல தான் வரும், பின்னாடி பெரும்பாலும் க தான் வரும்னு சொல்லு. மாங்காய், சங்கு, தங்கம். ஒரு மாங்காயை கைல குடுத்து சொல்லச் சொல்லும்மா, 'ங்' சொல்லும்போது நாக்கு எங்க ஒட்டுதுன்னு அவனையே கேளு.