புதிய ரயில் பெட்டிகள் வந்திறங்குவதை எங்கு நின்று பார்க்கலாம்?

காத்திப்வாசி எழுதியது:

வணக்கம். நான் சிங்கப்பூரின் துவாஸில் இரவு வேலை பார்ப்பவன். சென்ற வாரம் வேலை முடிந்து நிறுவனப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். அதிகாலை இரண்டரை மணி அளவில் ஆயர் ராஜா விரைவுச்சாலையின் எதிர்ப்புறத்தில், விளக்கு சுழலும் ஒரு காவல் வாகனமும் அதன் பின்னால் மிக நீளமான டிரெய்லர் லாரியும் துவாஸை நோக்கி மெல்ல ஊர்ந்து சென்றன. லாரியின்மீது உறை போர்த்திய ரயில் பெட்டி ஒன்று இருந்தது. உறை ஓரிடத்தில் விலகியிருந்ததால் புத்தம் புதிய கதவின் விளிம்பும், அதன்மேல் இன்னும் பிரிக்கப்படாமல் ஒட்டியிருந்த நீலநிறத் தாளும் தெருவிளக்கில் தெரிந்தன. பார்த்தது சில விநாடிகள்தான் என்றாலும் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். எங்கள் புளோக் ரயில் பாதையைப் பார்த்தபடி இருப்பதால், வருவது எந்த வகை ரயில் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே ஓசையை வைத்துச் சொல்லிவிடுவாள். நான் கண்டதைச் சொன்ன நாளிலிருந்து தனக்கும் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்தப் பெட்டிகள் எங்கிருந்து, எந்த வழியாக வருகின்றன? முன்கூட்டியே அறிய வழி உண்டா? ஒரு சிறுமியை அழைத்துக்கொண்டு, எவருக்கும் இடையூறில்லாமலும் சட்டத்துக்கு உட்பட்டும் எங்கு நின்று புதிய ரயில்களைப் பார்க்கலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரவுப்பறவை எழுதியது:

பல ஆண்டுகளாக இதைக் கவனித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பெருவிரைவு ரயில் பெட்டிகள் எவையும் தண்டவாளத்தின் வழியே சிங்கப்பூருக்குள் வருவதில்லை. கப்பலில் வந்து, ஜூரோங் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, ஒரு லாரிக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் சாலை வழியாகப் பணிமனைக்குச் செல்கின்றன. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் ஓடும் பெட்டி ஒன்று ஏறத்தாழ 23 மீட்டர் நீளமும் 3.2 மீட்டர் அகலமும் உடையது. சாலை வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட அகலத்தை அது மீறுவதால், தனி அனுமதி பெற்று, காவல் துணையோடு, சாலை ஓய்ந்த பிறகே கொண்டுசெல்ல முடியும். ஆறு பெட்டிகள் சேர்ந்தால்தான் ஒரு ரயில் என்பதால், ஒரு முழு ரயில் வந்து சேர்வதற்கே பல லாரிப் பயணங்கள் தேவைப்படுகின்றன.

நீங்கள் கண்டது துவாஸ் நோக்கிச் சென்றதையும், நீலத் தாள் பிரிக்கப்படாமல் இருந்ததையும் வைத்து அது புதிய பெட்டிதான் என்று துணிந்து சொல்லலாம். திசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. லாரியில் போகும் பெட்டியெல்லாம் புதிதாக வரும் பெட்டி அல்ல. சேவையிலிருந்து விலக்கப்பட்டவையும் அப்படித்தான் வெளியேறுகின்றன. அதே பாதைகளில் ஓடும் சி151ஏ என்னும் வகையின் 35 ரயில்களில் 26 ரயில்களின் உடற்பகுதியில் மயிரிழை விரிசல்கள் கண்டறியப்பட்டு, அவை தயாரிப்பாளரிடமே திருப்பி அனுப்பப்பட்ட செய்தி 2016இல் வெளியானபோதும், உறை போர்த்திய பெட்டிகள் லாரியில் துறைமுகம் நோக்கித்தான் சென்றுகொண்டிருந்தன.

முன்கூட்டியே அறிய வழி இல்லை. இந்தப் பயணங்களின் கால அட்டவணை பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. யாரேனும் நாளும் நேரமும் சொன்னால் அதை நம்பிக் குழந்தையை எழுப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். லாரியைக் காரிலோ மோட்டார்சைக்கிளிலோ பின்தொடர்வதும் வேண்டாம். அவ்வளவு நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது பின்பக்கம் பக்கத்துத் தடத்துக்குள் வந்துவிடும். துணைக்கு வரும் அலுவலர்களின் கவனமும் சிதறும். என்னைக் கேட்டால், சாலையில் வரும் பெட்டியைக் காண்பது தானாக வாய்க்க வேண்டிய ஒன்று. தேடிப் போய்ப் பார்க்க வேண்டியது அதற்குப் பிந்தைய வெள்ளோட்டக் காலத்தையே.

முன்பெல்லாம் வெள்ளோட்டம் முழுவதையும் கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடையே கிடைக்கும் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்குள் சேவைத் தடத்திலேயே செய்ய வேண்டியிருந்தது. பராமரிப்புப் பணிகளும் அந்த நேரத்தில்தான் நடந்தாக வேண்டும். அந்த நெருக்கடியைத் தீர்க்கவே, துவாஸில் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் இருந்த நிலத்தில் சிங்கப்பூர் ரயில் சோதனை நிலையம் அமைக்கப்பட்டது. சுற்றுத்தடம் உட்படப் பல சோதனைத் தடங்கள் அங்கே உள்ளன. இதனால் பகல் இரவு பாராமல் சோதிக்க முடிகிறது, நம்மைப் போன்றவர்கள் காணும் வாய்ப்புதான் சற்றுக் குறைந்திருக்கிறது. எனினும் இறுதிக்கட்டச் சோதனைக்காக ரயில் சேவைத் தடத்துக்கு வந்தே தீர வேண்டும். நள்ளிரவுக்குப் பின் உங்கள் வீட்டுச் சன்னலருகே, பயணிகள் எவருமின்றி, விளக்கு மட்டும் எரியும் ரயில் ஒன்று கடந்து சென்றால் அதைக் கவனியுங்கள். நீங்கள் வேறெங்கும் போக வேண்டியதே இல்லை.

தண்டவாளம்87 எழுதியது:

தம்பி, உங்கள் மகளைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது. என் தந்தையார் மலாயா ரயில்வேயில், அந்தக் காலத்துப் பேச்சில் சொன்னால் கம்பிச் சடக்கில், தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். சுத்தியலால் தண்டவாளத்தைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு உண்டா என்று சொல்லுவார். 2011 ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்ட இரவில் நான் புக்கிட் தீமா இரும்புப் பாலத்தருகே கூட்டத்தில் நின்றேன். அவர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தார்.

1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுடன் சேவை தொடங்கியது முதல் நான் எண்களைக் குறித்து வருகிறேன். படம் எடுப்பதைவிட இந்தப் பழக்கத்தை உங்கள் மகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் ஒவ்வோர் ஆறு பெட்டி ரயிலுக்கும் அடுத்தடுத்த இரண்டு எண்கள் உண்டு. ஒரு முனையில் ஒற்றைப்படை, மறுமுனையில் இரட்டைப்படை. ஜப்பானின் கவாசாக்கி தலைமையிலான நிறுவனங்கள் செய்த முதல் தலைமுறை ரயில்கள் 66. ஆகவே அவற்றின் எண்கள் 001 முதல் 132 வரை சென்றன. 501இல் தொடங்குபவை சி151ஏ, 601இல் தொடங்குபவை சி151பி, 701இல் தொடங்குபவை சி151சி. இப்போது வந்திருக்கும் ஆர்151 வகை 801இல் தொடங்குகிறது. மொத்தம் 106 ரயில்கள். 2018இல் 66 ரயில்களுக்கும், 2020இல் மேலும் 40 ரயில்களுக்கும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2023 ஜூன் 4ஆம் தேதி முதன்முறையாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியவை இவை. எண் தெரியாவிட்டாலும் கறுப்பு முகப்பும், பக்கவாட்டில் ஓடும் சிவப்பு, பச்சைக் கோடுகளும், பெரிய சன்னல்களும் காட்டிக்கொடுத்துவிடும்.

உறை போர்த்திய பெட்டியாக இருந்தால் கதவுகளின் வடிவத்தை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு நான்கு என்றால் இந்தப் பாதைகளுக்கு உரியதாக இருக்கலாம். ஐந்து என்றால் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் டி251.

நிற்பதற்கு நான் முதலில் சொல்வது ஜூரோங் ஈஸ்ட் நிலையம். வடக்கு-தெற்கு ரயில்கள் அங்கே பயணத்தை முடித்துத் திரும்புவதால் சில நிமிடங்கள் அசையாமல் நிற்கும். பதற்றமின்றி எண்ணைப் படிக்கலாம். தடுப்புக் கதவுகள் மார்பளவே இருப்பதால் பெரியவர்களுக்கு மறைப்பில்லை, சிறுமிக்குக் கண்ணாடி வழியே தெரியும். அங்கிருந்து கிளமெண்டிக்குச் செல்லும் ரயிலில் வடபுறச் சன்னலோரம் நின்றால் உலு பாண்டான் பணிமனை முழுவதும் கண்முன் விரியும். நான் ஒரே நாளில் இந்த ஒரு நிலைய தூரத்தை ஆறு முறை போய் வந்ததுண்டு. இயோ சூ காங்கிற்கும் காத்திப்பிற்கும் இடையே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நிலையமே இல்லாத நீண்ட பாதை. ரயில் முழு வேகம் எடுப்பதால் உங்கள் மகளின் செவிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

தெங்கா மாடிவீடு எழுதியது:

பெரியவர் சொன்னதற்குப் பின் நான் சேர்ப்பது கொஞ்சம்தான். நீங்கள் வரும் மாதங்களில் மேற்குப் பக்கம் வாருங்கள், அண்ணா. ஜூரோங் வட்டாரப் பாதை 24 நிலையங்களும் தரைக்கு மேலே அமைந்த பாதை. 2027 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கான ஜே151 ரயில்கள் தென்கொரியாவின் ஹியுண்டாய் ரோட்டெம் நிறுவனத்தில் செய்யப்படுபவை. மூன்று பெட்டிகள், ஓட்டுநர் இல்லை, மொத்தம் 62 ரயில்கள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட், டௌன்டவுன் பாதைகளெல்லாம் நிலத்தடியில் இருப்பதால் அவற்றின் வெள்ளோட்டத்தை எவரும் வெளியிலிருந்து பார்த்திருக்க முடியாது. அடுக்குமாடி வீடுகளின் அருகிலேயே ஒரு புதிய பாதை உயிர்பெறுவதைப் பல ஆண்டுகளுக்குப் பின் இப்போதுதான் காணப்போகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பணிமனை வேலி, துறைமுக வாயில் போன்ற இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்னும் பலகை நான்கு மொழிகளிலும் இருக்கும். தமிழிலும் இருப்பதால் தெரியவில்லை என்று நம்மால் சொல்ல முடியாது. நடைமேடையில் ஃபிளாஷ் வேண்டாம், ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தடுப்புக் கதவுக்கு மேலே கைபேசிக் கம்பை நீட்டியதைக் கண்டு நானே கையைப் பிடித்து இழுத்தேன். உங்கள் மகளிடம் இதை முதல் நாளிலேயே சொல்லி அனுப்புங்கள்.

காத்திப்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை ஜூரோங் ஈஸ்ட் சென்றோம். பெரியவர் சொன்னபடி ஒரு புதிய கோடிட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் பத்தொன்பது ரயில்களின் எண்களைக் குறித்திருக்கிறாள். எட்டில் தொடங்குபவற்றுக்குப் பச்சை மையால் அடிக்கோடு. ஒரு ரயிலின் இரு முனைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு என்னை நடக்கவைத்தாள். ஆறு பெட்டிகளின் நீளம் எவ்வளவு என்பது என் கால்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: ஜோகூர் பாருவுக்குச் செல்லவிருக்கும் புதிய ரயில்களும் இதே வழியில்தான் வருமா, உட்லண்ட்ஸில் நின்றால் அவை லாரியில் வருவதைப் பார்க்கலாமா?

இரவுப்பறவை எழுதியது:

நல்ல கேள்வி. உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் அந்த ஆர்டிஎஸ் பாதையின் பணிமனை ஜோகூர் பாருவின் வாடி ஹானாவில் இருக்கிறது. நான்கு பெட்டிகள் கொண்ட எட்டு ரயில்களும் அங்குதான் தங்கும். ஆகவே உட்லண்ட்ஸ் சாலையில் காத்திருந்து பயனில்லை. ஆனால் அவற்றில் முதல் ரயில் 2025இல் துவாஸ் சோதனை நிலையத்தில்தான் அறிமுகம் செய்யப்பட்டது. உட்லண்ட்ஸ் நார்த் நிலையம் நிலத்தடியில் இருப்பினும், நீரிணையைக் கடக்கும் பாலம் வெட்டவெளியில் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவில் நின்றால் அந்தப் பாலம் தெளிவாகத் தெரியும். தொலைநோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மாலை வெயில் மேற்கிலிருந்து விழும்போது பெட்டிகளின் பக்கவாட்டில் ஒளி படும்.