புதுப்பிப்பு: டாங்கியில் தண்ணீர் வந்த வழி தெரிந்தது

செஸ்னா சிறு விமானத்தின் இறக்கை டாங்கியில் எடுத்த எரிபொருள் எண்ணெய் மாதிரியில், குப்பியின் அடியில் தண்ணீர் முத்துப்போல் உருண்டது என்று போன வாரம் எழுதியிருந்தேன். டாங்கியை அரைகுறையாக நிரப்பி விட்டால் இரவில் ஈரம் கோத்துக்கொள்ளும் என்றீர்கள். அதுவும் உண்டு. ஆனால் இங்கே குற்றவாளி மூடியின் ரப்பர் வளையம், வெடித்திருந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து மாலை மழையைச் சொல்லவா வேண்டும்! மாற்றியாச்சு.

அப்புறம், ஓர் அண்ணன் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. குப்பி முழுக்கத் தண்ணீர் என்றால் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள பிரிகோடே தெரியாது, சுத்தமான எண்ணெய் என்று ஏமாந்துவிடுவோம். 100 எல்எல் என்ற இந்த விமான எண்ணெய் நீல நிறம், அதனால் இப்போது வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்க்கிறேன். சந்தேகமென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன்: எண்ணெய் என்றால் அது அடியில் தனியே நிற்கும், தண்ணீர் என்றால் கலந்து காணாமல் போகும்.

மழைக்குப் பிறகு இரண்டு காலை பார்த்துவிட்டேன், சொட்டுக்கூட இல்லை.