கேப்சூல் எண்டோஸ்கோப்பி: எங்கெல்லாம் மாட்டும்?

எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன்:
சிறுகுடலை உள்ளிருந்தே படம் பிடிக்கும் குட்டிக் கேமரா கேப்சூல் இது. விழுங்குவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன், வழவழப்பான ஓடு; அரை டம்ளர் தண்ணீரில் இறங்கிவிடும். காரியம் கெடுவது அதற்கு முந்தின வாரத்தில். காரணம் பிடிபடாத ரத்தசோகைக்குத்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள். அப்படி வருகிறவர் இரும்பு மாத்திரை சாப்பிடாமலா இருப்பார்? ஒரு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் கன்னங்கரேலென்று படிந்து குடல் சுவரே தெரியாது. முதல் நாள் மாலை 2 லிட்டர் பேதிக் கரைசல், பிறகு 10-12 மணி நேரம் வெறும் வயிறு. விழுங்குமுன் சிமெதிகோன் கொடுத்தால் நுரை அடங்கும். காந்தம் வைத்த பெட்டியிலிருந்து எடுத்ததும் கேப்சூல் மினுக்கும். மினுக்குகிறதா, அது அனுப்பும் படங்களைப் பதியும் ரிக்கார்டரில் படம் விழுகிறதா, இரண்டையும் பார்த்த பிறகே வாயில் போடச் சொல்லுங்கள்.

நர்ஸ்:
ஒரு மணி நேரம் கழித்து ரிக்கார்டர் திரையைப் பாருங்கள். வெல்வெட் துணி போலத் தெரிந்தால் சிறுகுடல். தடித்த மடிப்புகளே தெரிந்தால் இன்னும் இரைப்பையில் உருள்கிறது. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். நடக்கவிட்டும் நகராவிட்டால் டாக்டரைக் கேட்டு, இரைப்பையைத் தள்ளவைக்கும் மெட்டோகுளோப்ரமைடு. 8 மணி நேர பேட்டரியில் பாதி இரைப்பையிலேயே தீர்ந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி படத்துக்கு வராமலே போகலாம். 2 மணி நேரத்துக்குப் பிறகு இளநீர், 4 மணி நேரத்துக்குப் பிறகு இட்லி.

குடல் மருத்துவர்:
உண்மையான பயம் குடல் சுருக்கம். சாப்பிட்டதும் வயிறு முறுக்கி, உப்பி, கடகடவென்று சத்தம் போட்டு அடங்குகிறதா என்று கேளுங்கள். குரோன் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி), குடல் காசநோய், வருடக்கணக்கில் வலி மாத்திரை: மூன்றுமே சுருக்கத்தில் கொண்டுபோய் விடும். வலி மாத்திரையால் வருவது மெல்லிய சவ்வு போல இருப்பதால் சி.டி. ஸ்கேனிலும் தப்பிவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் லாக்டோஸும் பேரியமும் கலந்த, கேமரா இல்லாத, கரையும் கேப்சூல். அதே அளவுதான், கரையாமல் முழுசாக வெளியே வந்தால் வழி இருக்கிறது.

2 வாரம் தாண்டியும் உள்ளேயே இருந்தால் அது தங்கிவிட்டது என்று கணக்கு. வலி இல்லாமலும் இருக்கும், அதனால் வெளியே வந்ததைப் பார்க்காதவருக்கு எக்ஸ்ரே எடுங்கள். வெளியே வந்தது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. அறவே கூடாது. குரோனில் ஸ்டீராய்டு கொடுத்து வீக்கம் வடிந்தால் சில சமயம் தானே நழுவும். ஆனால் நம் ஊரில் காசநோய் இல்லை என்று உறுதியாகாமல் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். நழுவாவிட்டால் பலூன் என்டிரோஸ்கோப்பி (பலூன் உதவியால் சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் குழாய்), கடைசியில் அறுவை.

டெக்னீஷியன்:
இன்னொன்று. முன்சிறுகுடலைக் கேப்சூல் சில நிமிடங்களில் ஓடிக் கடந்துவிடும். விநாடிக்கு 2 படம் என்றால் 8 மணி நேரத்தில் 57,600. அத்தனையிலும் பித்தநாளம் திறக்கும் இடம் ஒன்றில்கூட விழாமல் போவது உண்டு. ‘நார்மல்’ ரிப்போர்ட்டுக்குப் பிறகும் ரத்தம் போனால் திரும்ப எடுக்க வேண்டியதுதான், முடிந்தால் 48 மணி நேரத்துக்குள்.