பழைய ஏ4 தாளில் போட்ட காகிதத்தில் மை ஊறுகிறது, மடித்தால் முறிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்

லகெரே காகிதக்காரன்:
வணக்கம். பெங்களூரு லகெரே பக்கம் ஒரு ஷெட்டில் நானும் சித்தப்பாவும் கையால் காகிதம் போடுகிறோம். உதவிக்கு மூன்று அக்காமார். அவென்யூ ரோடு கடைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையும் உறையும் கொடுக்கிறோம்.

இதுவரை திருப்பூர் பனியன் வெட்டுத் துண்டுதான் மூலப்பொருள். விலை ஏறிவிட்டது என்று நான்கு மாதமாக ஐடி ஆபீஸ்களில் கழிக்கிற ஏ4 தாளுக்கு மாறினோம். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

செய்முறையில் எதையும் மாற்றவில்லை. 10 கிலோ தாளை ஊறவைத்து, கூழாக அரைக்கிற பீட்டர் மெஷினில் 5 மணி நேரம் ஓட்டுகிறோம். கடைசியில் மை பரவாமல் இருக்க ரோசின் (பைன் பிசின்) சோப்பு 200 கிராம், ஆலம் (படிகார வகை) 400 கிராம். போர் தண்ணீர்தான். பனியன் துணியில் இதே கணக்குக்கு மை ஒரு இழைகூடப் பரவாது. இப்போது உறையில் இங்க் பேனாவால் முகவரி எழுதினால் எழுத்துக்குக் கால் முளைத்து ஓடுகிறது. ஆலத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன். தொட்டியில் நுரைதான் மிச்சம். அட்டையை மடித்தால் மடிப்பில் வெடிக்கிறது. கடைக்காரர் ஒரு கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஸ்ரீராமபுரம் அச்சகம்:
மழைக்காலத்து ஈரமாக இருக்கும் அண்ணே. எங்கள் பிரஸ்ஸில் ஜூலையில் கடைத் தாளே சுருளும். வெயிலில் இன்னும் ஒரு நாள் போடுங்கள், ரோசினைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

லகெரே காகிதக்காரன்:
ஈரமில்லை தம்பி, பிப்ரவரியிலும் இதே கதைதான். ரோசினை 300 கிராம் வரை கூட்டினேன். தாள் லேசாக மஞ்சள் அடித்தது, மை மட்டும் நிற்கவில்லை.

பழைய பல்ப் மில்:
தம்பி, முப்பது வருஷம் காகித மில்லில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். இப்போது எலஹங்காவில் மகள் வீட்டில் இருக்கிறேன். ரோசினையும் ஆலத்தையும் இனி ஒரு கிராம்கூடக் கூட்டாதீர்கள். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, நீங்கள் வாங்குகிற ஏ4 தாளில் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு, ஒரு தாளை இரும்புத் தட்டில் முழுசாக எரித்து என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். மூன்று, நீங்கள் போட்ட தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்.

லகெரே காகிதக்காரன்:
சார், வினிகர் விட்டதும் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. சோடா மூடியைத் திறந்த மாதிரி. பனியன் துணித் தாளில் ஒன்றுமே இல்லை. எரித்த தாள் கறுத்து, அப்புறம் வெளுத்து, தாள் வடிவத்திலேயே வெள்ளைச் சாம்பலாக நின்றது. ஊதினால் மாவு. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி குத்தியது போல் நிறைய ஓட்டை. அக்காமார் சல்லடையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பழைய பல்ப் மில்:
நினைத்தேன். சல்லடை மேல் பழி போடாதீர்கள். அந்த வெள்ளைச் சாம்பல் பெரும்பாலும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். இப்போதைய ஜெராக்ஸ் தாள் வெறும் நார் இல்லை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் அச்சு மறுபக்கம் தெரியாமல் இருக்கவும் அதில் ஐந்தில் ஒரு பங்குவரைகூடச் சுண்ணாம்பை ஏற்றியிருப்பார்கள். நாரைவிட அது மலிவு என்பதும் ஒரு காரணம்.

ரோசின் தானாக நாரில் ஒட்டாது. ஆலம்தான் அதைப் பிடித்து நாரில் உட்கார வைக்கும். அதற்குக் கூழில் புளிப்பு வேண்டும், பிஎச் அளவில் 4.5-லிருந்து 5-க்குள் (7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்). நீங்கள் போடுகிற ஆலத்தைச் சுண்ணாம்பு வழியிலேயே மடக்கித் தின்றுவிடுகிறது. ஆலம் ஜிப்சமாகவும் அலுமினியக் கூழாகவும் மாற, கார்பன் டை ஆக்சைடு குமிழி விட்டு வெளியேறுகிறது. உங்கள் நுரையும் அதுதான், ஊசி ஓட்டையும் அதுதான். எவ்வளவு ஆலம் கொட்டினாலும் கூழ் 7-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நிற்கும். பிஎச் தாள் பத்து ரூபாய் சமாச்சாரம், ஒரு தடவை நனைத்துப் பார்த்திருந்தால் நான்கு மாதம் மிச்சம். போர் தண்ணீரின் கடினத்தன்மை வேறு ரோசின் சோப்பைத் திரித்துக் கெடுக்கும். பனியன் துணியில் சுண்ணாம்பு இல்லாததால் அது இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

மில்களே இந்தக் காரணத்தால்தான் ரோசினை விட்டு, மை ஊறாமல் தடுக்கிற ஏகேடி (அல்கைல் கீட்டீன் டைமர்) என்ற மெழுகு போன்ற சரக்குக்குப் போனார்கள். பால் மாதிரி இருக்கும் அந்தக் குழம்பு, பிஎச் 7-லிருந்து 8.5 வரை வேலை செய்யும். பெரும்பாலும் 15 சதவீதக் குழம்பாகக் கிடைக்கும். 10 கிலோவுக்கு 100 கிராமில் ஆரம்பியுங்கள், 150 தாண்ட வேண்டாம். அளவு மிஞ்சினால் தாள் வழுக்கும், கட்டு நிற்காது. ஆலம் கூடவே கூடாது. கேட்டயானிக் ஸ்டார்ச் (நேர்மின்னேற்றம் உள்ள மாவு) 50 கிராமைக் காய்ச்சி முதலில் கலந்தால் ஏகேடி தண்ணீரோடு ஓடாமல் நாரைப் பிடிக்கும். டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள், நாள்பட்டதை வாங்காதீர்கள். இன்னொன்று: தாள் காய்ந்த அன்றே மை நிற்காது. மில்லில் டிரையர் சூட்டில் வேலை முடிந்துவிடும். நீங்கள் கொடியில் காயப்போடுகிறவர்கள்தானே, சில நாள் பொறுக்க வேண்டும்.

விவேக் நகர் மாணவி:
ஒரு சந்தேகம் சார். ஏ4 தாள் மரத்திலிருந்து வந்ததுதானே? துணியைவிட மரம் வலுவில்லையா, ஏன் மடிப்பில் வெடிக்கிறது?

பழைய பல்ப் மில்:
நல்ல கேள்வி அம்மா. மரத்தின் வலு வேறு, மரநாரின் வலு வேறு. மரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு லிக்னின், நார்களை ஒட்டவைக்கிற பசை. மில்லில் யூகலிப்டஸ், சவுக்கு, சுபாபுல் கட்டைகளைச் சில்லாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து டைஜஸ்டரில் 165, 170 டிகிரியில் வேகவைப்பார்கள். பசை கரைந்து கறுப்புத் திரவமாக இறங்கும். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் ஊர் எல்லையிலேயே வரவேற்கும். அந்தத் திரவத்தைக் கொதிகலனில் எரித்து நீராவியும் எடுப்பார்கள், ரசாயனத்தையும் மீட்பார்கள். இதற்கு கிராஃப்ட் முறை என்று பெயர். ஜெர்மன் மொழியில் கிராஃப்ட் என்றால் வலு. 1879-ல் கார்ல் டால் கண்டுபிடித்தது. போட்ட மரத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவுதான் கூழாகத் தேறும்.

யூகலிப்டஸ் நார் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பைன் நார் சுமார் மூன்று. பருத்தி நாரோ 20 மில்லிமீட்டருக்கு மேல், வெட்டி அரைத்த பிறகும் நீளம் நிற்கும். இதற்கு மேல், ஏ4 தாளின் நார் ஏற்கெனவே ஒரு தடவை காய்ந்தது. காய்ந்த நார் மறுபடி நனைந்தாலும் பழையபடி ஊதாது. ஒருமுறை வதங்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்ட கதை. ஊதாத நார் பக்கத்து நாரோடு சரியாக ஒட்டாது. நடுவில் சுண்ணாம்பு வேறு.

லகெரே தம்பி, உங்கள் 5 மணி நேரக் கணக்கு துணிக்கு உள்ளது. ஏற்கெனவே கூழான தாளை அவ்வளவு ஓட்டினால் நார் துண்டு துண்டாகும். தூள் மிகுந்து சல்லடையில் தண்ணீர் இறங்கவே அழும். அப்படித்தானே?

லகெரே காகிதக்காரன்:
அப்படியேதான் சார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அக்காவுக்குக் கை கடுத்துப் போகிறது.

பழைய பல்ப் மில்:
தாளைத் தனியாக அரை மணி நேரம், கட்டி உடைகிற வரை மட்டும் ஓட்டுங்கள். பனியன் துண்டைத் தனியாக நன்றாக பீட் செய்து 40 சதவீதம் கலந்துவிடுங்கள். செலவு பாதிதான் குறையும், ஆனால் மடிப்பு நிற்கும். ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் குமரப்பா பெயரில் கைக்காகிதத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. ஜே.சி.குமரப்பா நம்ம தஞ்சாவூரில் பிறந்தவர். முடிந்தால் ஒரு தடவை போய்வாருங்கள்.

தாளும் மையும்:
ஏகேடி சில்லறையில் கிடைக்கவில்லை என்றால், காய்ந்த தாளை வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுக்கலாம். இங்க் பேனா நன்றாக நிற்கும். ஆனால் ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் வருகிற சரக்கு. அவென்யூ ரோட்டில் சைவம் பார்க்கிற வாடிக்கையாளர்கள் அதிகம், சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

லகெரே காகிதக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஏகேடி 100 கிராம், ஸ்டார்ச், 40 சதவீதம் பனியன். நுரையும் இல்லை, ஊசி ஓட்டையும் இல்லை. முதல் நாள் மை பழையபடி ஓடியதும் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சார் சொன்னாரே என்று பேசாமல் இருந்தேன். ஆறாம் நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம். முத்து மாதிரி நின்றது. கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் நிற்கிறது. இஸ்திரிப் பெட்டி போட்ட தாள் இரண்டாம் நாளே தேறிவிட்டது. அட்டையை மடித்துப் பிரித்து மடித்தோம், வெடிக்கவில்லை.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளி. கல்யாணப் பத்திரிகையில் கறுப்பா என்று ஒரு பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள்.

பழைய பல்ப் மில்:
அது ஜெராக்ஸ் டோனர், பிளாஸ்டிக். சூட்டில் நாரோடு உருகி ஒட்டியது, சோப்புக்கு அசையாது. மில்லில் காற்றுக்குமிழி விட்டு மிதக்கவைத்து வழிப்பார்கள், அதிலும் கொஞ்சம் தப்பும். உங்கள் ஷெட்டில் அது நடக்காது. ஆபீஸ் தாளை ஃபைல் அட்டைக்கும் பைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு பிரஸ்களில் வெட்டி எறிகிற, அச்சேறாத ஓரத் துண்டு வாங்குங்கள். ஒயிட் கட்டிங் என்று கேளுங்கள். பளபளா ஆர்ட் பேப்பர் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீராமபுரம் அச்சகம்:
எங்களிடமே வாரம் நாலு மூட்டை விழுகிறது அண்ணே. மழை ஈரம் என்று தப்பாகச் சொன்னதற்கு முதல் மூட்டை இலவசம்.

லகெரே காகிதக்காரன்:
சனிக்கிழமை காலையில் சித்தப்பா லக்கேஜ் ஆட்டோவோடு வருவார் தம்பி. வினிகர் பாட்டிலும் கொண்டுவருவார், கோபித்துக்கொள்ளாதே.